வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஆயில் எப்போது மாற்ற வேண்டும்?

"வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும்?" வேகக் கார் ஒன்றை ஆசைக்கு வாங்கி, எப்போதாவது வெளியே எடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வருடம் முழுக்க ஓடியது ஆயிரம் கிலோமீட்டர். கையேடு சொல்லும் தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் இன்னும் தேன் நிறத்தில் இருக்கிறது. அதை வடித்துக் கொட்ட யாருக்கும் மனம் வராது.

சும்மா இருப்பதால் மட்டும் ஆயில் கெடுவதில்லை என்பது உண்மை. மூடி திறக்காத டப்பாவில் அது சில வருடங்கள் நன்றாகவே இருக்கும். ஆக்ஸிஜன் சேர்ந்து ஆயில் தடித்துப் போவதற்கு நல்ல சூடு வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பார்கள். நிழலில் நிற்கும் காரின் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், அந்தச் சூட்டுக்கு வழியில்லை. ஆனால் ஒரு தடவை எஞ்சினுக்குள் சுற்றி வந்துவிட்ட ஆயிலின் கதை வேறு. அது எதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து வரும் தண்ணீர் இது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும்; காலையில் வண்டியை எடுக்கும்போது சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான். ஆனால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரை முழுக்க அடைப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இருக்கும் பக்கம் கசிகிறது. அதில் நீராவி உண்டு, எரியாத பெட்ரோல் உண்டு, நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் இந்த நீராவி உலோகச் சுவரில் பட்டுத் துளிகளாகி ஆயிலில் இறங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சளாகப் பசை மாதிரி ஒட்டியிருக்குமே, அது ஆயிலும் தண்ணீரும் கடைந்து வந்தது.

பெட்ரோல் சேர்வதும் குளிர்ந்த எஞ்சினில்தான் அதிகம். ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்களுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். அதில் ஆவியாகாத பங்கு சிலிண்டர் சுவரை நனைத்து, ரிங் வழியே சம்ப்புக்கு வழிகிறது. நம் ஊர் பம்புகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட அதிக வெப்பம் கேட்கும் என்பதால், குளிர்ந்த எஞ்சினில் இந்தத் தொல்லை கூடத்தான் செய்யும்.

இதற்கெல்லாம் மருந்து சூடுதான். ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் தண்ணீர் ஆவியாகிவிடும், பெட்ரோலின் லேசான பகுதிகளும் கிளம்பிவிடும். அந்த ஆவியை எஞ்சினே உறிஞ்சி எடுத்து மறுபடி எரித்துவிடும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டேஷ்போர்டில் வெப்பமுள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை. கூலன்ட் ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும். ஆயில் அந்த நிலைக்கு வர, வண்டி ஓடிக்கொண்டே இருந்தாலும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2006 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3, இ46 என்ற தலைமுறை. அதன் எஸ்54 எஞ்சின் 3,246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர். ஐரோப்பிய மாடலில் 343 குதிரைத்திறன், அதுவும் 7,900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுழற்சி). பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 91 மில்லிமீட்டர் என்பதால், அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 24 மீட்டர். டர்போ எதுவும் இல்லாமல் சுழற்சி வேகத்தாலேயே சக்தி எடுக்கும் எஞ்சின் இது. அதனால்தான் இந்தக் காரில் ஆயில் வெப்பத்துக்கென்று தனி முள் வைத்தார்கள். ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிச் சின்ன விளக்குகள் எரியும். ஆயில் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணையும். விளக்கு எரியும் பகுதிக்கு முள்ளைக் கொண்டுபோகாதே என்று அர்த்தம். எல்லாக் காரிலும் இருக்க வேண்டிய வசதி இது என்பேன்.

இந்தக் கார்களை இன்று தினமும் ஓட்டுபவர்கள் குறைவு. ஜெர்மனியில் வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் நம்பர் பிளேட் 1997 முதல் உண்டு. ஆரம்ப மாதமும் முடியும் மாதமும் பிளேட்டின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். 04, 10 என்று போட்டிருந்தால் ஏப்ரலில் வெளியே வந்து அக்டோபர் முடிய உள்ளே போகும் வண்டி. வருடத்தில் ஐந்து மாதம் அசையாமல் நிற்கும்.

நம் ஊரில் நடப்பது இதைவிட மோசம். வண்டி நிற்கிறதே, பேட்டரி இறங்கிவிடுமே என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கிங்கில் கவரை எடுத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்துவிடுகிறார்கள். அக்கறையோடு செய்யும் காரியம்தான். எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் குளிர்ந்த ஸ்டார்ட்டின் முழுத் தேய்மானம். கூடவே தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலுக்குள். அவற்றை விரட்டும் சூடு மட்டும் ஒரு ஞாயிறும் வருவதில்லை. சைலன்சருக்குள்ளும் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். பேட்டரிக்காக என்றால் ஒரு சார்ஜரை மாட்டிவிடுங்கள். எஞ்சினைத் தொட்டால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடாதீர்கள்.

சென்னை வெயிலில் குளிர்ந்த ஸ்டார்ட் ஏது என்று தோன்றலாம். எஞ்சினுக்கு 30 டிகிரியும் குளிர்தான். இந்த எம்3-க்குச் சொல்லப்பட்ட 10டபிள்யூ-60 என்ற ரக ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் தடிப்பாக இருக்கும்.

சரி, தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்த ஆயில் மாதக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? நைட்ரஜன் ஆக்ஸைடுகள் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். அதைச் சமாளிக்க ஆயிலில் காரத்தன்மையுள்ள கால்சியம், மெக்னீசியம் சேர்மங்களைப் போட்டிருப்பார்கள். அமிலத்தோடு வினைபுரிந்து அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். எவ்வளவு மிச்சம் என்பதை டிபிஎன் என்ற எண்ணால் அளக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் இந்தக் கையிருப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதே ஆயிரத்தை நூறு குட்டிப் பயணங்களாக ஓட்டியிருந்தால் கணிசமாகக் கரைந்திருக்கும். கையிருப்பு குறைந்தபின் அமிலம் தேடிப்போவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை. பழைய பேரிங்குகளின் மேற்பூச்சில் ஈயம் இருக்கும், அடியில் செம்பு. இரண்டும் அமிலத்துக்கு எளிதில் இணங்குபவை.

ஆகவே வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பு மாற்றுங்கள். மறுபடி எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது வீண். அதற்குள் அழுக்கு ஆயில் ஐந்து மாதம் பேரிங்கில் ஊறியிருக்கும். நன்றாக ஓட்டி, சூடு இருக்கும்போதே வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயிலில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஐந்து மாதமும் உள்ளே சுத்தமான படலம் நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றுவது என் பரிந்துரை. இது பணம் பறிக்கும் யோசனை அல்ல. ஃபெராரி தன் பராமரிப்புத் திட்டத்தில் 20,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்றுதான் வைத்திருக்கிறது. அதன் கார்களில் பெரும்பாலானவை தொடுவது அந்த வருடக் கணக்கைத்தான்.

இனி எந்த ஆயில் என்பது. 10டபிள்யூ-60 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. 10 என்றால் மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள், 5 என்றால் மைனஸ் 30. பின்னால் உள்ள 60 என்பது 100 டிகிரியில் உள்ள தடிப்பு. இந்த இரண்டையும்விட வேக எஞ்சினுக்கு முக்கியமானது டப்பாவின் முன்பக்கத்தில் இருக்காது. 150 டிகிரி சூட்டில், படுவேகமாக நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு தடிப்பைத் தக்கவைக்கிறது என்ற அளவு அது, எச்டிஎச்எஸ் என்பார்கள். 5டபிள்யூ-40 ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 3.5 இருக்க வேண்டும். நல்ல 10டபிள்யூ-60 ஆயில்களில் 5-ஐத் தாண்டும்.

இது எங்கே உதவுகிறது என்று பார்க்கக் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்குக்குள் போக வேண்டும். அங்கே உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை, தொடவும் கூடாது. சுழலும் கிராங்க் ஆயிலைத் தானே இழுத்து இடுக்கில் திணிக்கிறது. அந்த அழுத்தத்தில் படலம் உருவாகி மொத்தச் சுமையையும் தாங்குகிறது. மிக ஒடுங்கிய இடத்தில் படலத்தின் தடிமன் ஒரு சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. 8,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனையும் ராடையும் நிறுத்தித் திருப்பும் விசை முழுக்க அந்தப் படலத்தின் மேல் விழுகிறது. எஸ்54 எஞ்சின்களில் ஆரம்ப வருடங்களில் தயாரான சிலவற்றில் இந்த பேரிங்குகளே பழுதாகி எஞ்சின் உடைந்தது. பிஎம்டபிள்யூ வண்டிகளைத் திரும்ப அழைத்து பேரிங் மாற்றிக் கொடுத்தது.

சூட்டில் தடிப்பு வேண்டும், குளிரில் இளக்கம் வேண்டும். எம்3 உரிமையாளர்களிடையே ஓயாத சண்டை இதைப் பற்றித்தான். குளிரில் 5டபிள்யூ-40 சீக்கிரம் மேலே ஏறும், அதனால் அதுவே மேல் என்று ஒரு கட்சி. நான் 10டபிள்யூ-60 பக்கம். முதல் காரணம், எஞ்சினைச் செய்தவர்கள் சொன்னது அது. இரண்டாவது காரணம் நின்று நின்று ஓடும் காருக்கென்றே உள்ளது: சில சதவீதம் பெட்ரோல் கலந்தாலே ஆயிலின் தடிப்பு நன்றாகக் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, இவ்வளவு விரிந்த எண்களை எட்டச் சேர்க்கும் நீண்ட பாலிமர்கள் ஓட ஓட நறுங்கும். 60 என்று ஊற்றியது வருடக் கடைசியில் 50 ஆகியிருந்தாலும் தாங்கும். 40 என்று ஊற்றியது 30 ஆனால், இந்த எஞ்சினை அதன் உச்சியில் ஓட்ட எனக்குத் துணிவு வராது. அதற்காக 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 60-ஐ ஊற்றாதீர்கள். அங்கே இடைவெளிகளும் பம்பும் வேறு அளவில் செய்தவை. தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் டப்பாவின் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பது விளம்பர வாசகத்தைப் படிப்பதைவிட மேல்.

நின்று எடுக்கும் காருக்கு துத்தநாகமும் பாஸ்பரஸும் உள்ள இசட்டிடிபி என்ற சேர்மம் முக்கியம். முதல் சுழற்சிகளில் ஆயில் அழுத்தம் வரும் முன், வால்வுகளைத் திறக்கும் கேம்மும் அதை உரசும் பாகங்களும் கிட்டத்தட்ட வறண்டு ஓடும்போது, உலோகத்தின் மேல் இது முன்பே படியவைத்த கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுதான் காவல். பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கெடுக்கும் என்பதால் 2004-க்குப் பிறகு 30 மற்றும் அதற்கு இளகிய ரகங்களில் 0.08 சதவீதத்துக்கு மேல் போட ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம் விடுவதில்லை. 40-க்கும் அதற்கு மேற்பட்ட ரகங்களுக்கும் அந்த வரம்பு இல்லை. சின்தெட்டிக்கா மினரலா என்ற கேள்வி இந்த வகுப்பு எஞ்சின்களில் எழவே எழாது. 10டபிள்யூ-60 வேண்டுமென்றால் பெரும்பாலும் சின்தெட்டிக்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வருடா வருடம் வடிப்பது மனதை உறுத்தினால், வடிக்கும்போது ஒரு சிறு பாட்டிலில் பிடித்து ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். வடிகிற ஓட்டத்தின் நடுவில் பிடிக்க வேண்டும், முதலில் கொட்டுவதில் சம்ப்பின் வண்டல் இருக்கும். அறிக்கையில் 100 டிகிரி தடிப்பு, பெட்ரோல் சதவீதம், தண்ணீர், டிபிஎன், உலோகங்கள் எல்லாம் வரும். டிபிஎன் நன்றாக இருந்து பெட்ரோல் மட்டும் ஏறியிருந்தால் மாற்ற வேண்டியது ஓட்டும் முறையை: குட்டிப் பயணங்களைக் குறைத்து, எடுக்கும்போதெல்லாம் ஆயில் முள் நடுவுக்கு வந்த பிறகும் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஈயமும் செம்பும் சேர்ந்து வருடத்துக்கு வருடம் ஏறினால் அடுத்த ஆயில் மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.