இன்டியூபேஷன் வேறு, செயற்கைச் சுவாசம் வேறு

பருமனான நோயாளிகளின் அறுவை சிகிச்சை பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'இன்டியூபேஷன்' வரும் இடத்தில் 'செயற்கைச் சுவாசம்' என்று போட்டுவிடுகிறார்கள். இது தவறு, திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'டூபுஸ்' என்றால் குழாய். குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். 1880களில் நியூயார்க்கில் ஜோசஃப் ஓ'ட்வையர், டிப்தீரியாவால் தொண்டை அடைத்த குழந்தைகளுக்கு இப்படிக் குழாய் இறக்கினார். அடைப்பைத் தாண்டி வழி கிடைத்ததும் குழந்தைகள் தாங்களாகவே மூச்சுவிட்டார்கள். அதில் செயற்கை எங்கே இருக்கிறது? மறுபக்கம், முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அமுக்கினால் அது செயற்கைச் சுவாசம்தான். குழாய் எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

பருமனானவர் மல்லாந்து படுத்தாலே வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலில் காற்றின் கையிருப்பு குறையும். மயக்க மருந்தால் மூச்சு நின்றதும் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். அதனால்தான் காதுத்துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி தலையையும் தோளையும் உயர்த்திவைக்கிறார்கள். அப்புறம்தான் கருவிக் கேள்வி. நாக்கை விலக்கிக் குரல்நாண்களைப் பார்க்க உதவும் கருவி லாரிங்கோஸ்கோப். அதில் 1943இல் மயக்க மருந்து நிபுணர் மெக்கின்டாஷ் அறிமுகப்படுத்திய வளைந்த பிளேடா, கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பா? வளைவு அதிகமான வீடியோ பிளேடில் குரல்நாண்கள் திரையில் பளிச்சென்று தெரிந்தும் குழாய் திரும்பாமல் முட்டிக்கொண்டு நிற்பதுண்டு. குழாய்க்குள் வளைத்த கம்பி வைத்துத்தான் செலுத்த வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு 'செயற்கைச் சுவாசக் கருவிகள்' என்று தலைப்பிட்டால், வென்டிலேட்டர்களைப் பற்றியது என்றுதான் வாசகர் நினைப்பார்.

சிலர் 'மூச்சுக்குழாய் பொருத்துதல்' என்கிறார்கள். மூச்சுக்குழாய் என்பது பாடப்புத்தகத்தில் உடலின் உறுப்பு. அதைப் 'பொருத்தினார்கள்' என்றால் உறுப்பையே மாற்றியதாகப் படும். வெறும் 'உட்செருகல்' எதை, எங்கே என்று சொல்வதில்லை. சிறுநீர்க்குழாய் போடுவதும் உட்செருகல்தான். தூய தமிழாக இருந்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

'மூச்சுக்குழலில் குழாய் இடுதல்' என்பதே சரி. உறுப்புக்குக் குழல், கருவிக்குக் குழாய். நீளம் என்பார்கள், இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் மகளுக்கு, அம்மாவின் தொண்டையில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது புரிய வேண்டும். வார்டில் 'டியூப் போட்டிருக்கு' என்கிறார்களே, அந்தப் பேச்சில்கூட இந்தக் குழப்பம் இல்லை.