டெக்டானிக்: ஒரு புவியியல் சொல்லுக்குள் இருக்கும் தச்சர்

நிலநடுக்கச் செய்தி வரும்போதெல்லாம் 'டெக்டானிக் பிளேட்' என்ற தொடரும் கூடவே வந்துவிடும். பிளேட் என்றால் தட்டு. சரி, டெக்டானிக் என்றால்? 'நகர்கிற' என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள். தமிழில் 'புவித்தட்டு நகர்வு' என்று எழுதியும் படித்தும் அப்படியே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லில் நகர்வு என்ற பொருளே கிடையாது.

கிரேக்கத்தில் 'டெக்டோன்' என்றால் தச்சர், கட்டுபவர். 'டெக்டோனிகோஸ்' என்றால் கட்டுமானத் தொழில் சார்ந்தது. ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லின் பின்பாதியும் இதுவே. அதன் நேர்ப்பொருள் தலைமைத் தச்சர். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஊர்க்காரர்கள் இயேசுவின் தொழிலைச் சொல்லிப் பேசும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது டெக்டோன். தமிழ் விவிலியத்தில் அங்கே இருப்பது தச்சன். இந்த இரண்டு சொற்களும் தூரத்து உறவு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. செதுக்குதல், கட்டுதல் என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிரேக்க டெக்டோனும் வடமொழி தக்ஷனும் பிறந்தன. அந்த வடமொழிச் சொல் வழியாகத் தமிழுக்கு வந்ததே தச்சன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வந்தது நேற்றல்ல, புறநானூற்றில் ஔவையார் பாட்டிலேயே தச்சன் இருக்கிறான்.

பூமியின் மேலோட்டுப் பாறைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஆராய்வதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல்லைப் புவியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'நகர்வு' பிறகு வந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வேகனர் 1912இல் சொன்னார். எந்த விசை நகர்த்துகிறது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடல்தரை நடுவே பிளந்து விரிகிறது என்று அமெரிக்கப் புவியியலாளர் ஹாரி ஹெஸ் 1962இல் எழுதியதும், பூமியின் ஓடு பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று கனடா அறிவியலாளர் டூசோ வில்சன் 1965இல் எழுதியதும் பாதையைத் திறந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முழுக் கோட்பாடு உருவாகிவிட்டது. ஆக, 'கண்ட நகர்வு' வேகனருடையது. பிளேட் டெக்டானிக்ஸ் அதற்கு அடுத்த படி: தட்டுகள் நகர்ந்து எதை, எப்படிக் கட்டுகின்றன என்பது.

கட்டுவதில் பெரியது இமயம். இந்தியத் தட்டு வடக்கே வந்து சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. இரண்டு பக்கமும் கண்டப் பாறை. அதன் எடை குறைவு. கடல்தரையைப் போல ஆழத்துக்குள் எளிதில் மூழ்காது. அதனால் இடையில் இருந்த டெத்திஸ் கடலின் படிவுகள் நசுங்கி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மடிப்பு மலை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிரிகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லில் தெரியும் சுருள், டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் ஓடு. கடலடியில் புதைந்தது மலையேறி, ஆற்றோடு இறங்கி, நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. மோதலும் இன்னும் நிற்கவில்லை: இந்தியா இப்போதும் ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வரை ஆசியாவை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

ஆண்டீஸ் மலையின் கதை வேறு. அங்கே நாஸ்கா என்ற கடல்தட்டு தென் அமெரிக்காவின் அடியில் நுழைகிறது. அப்படி இறங்கும் பாறை தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்க, பாறைக் குழம்பு உண்டாகி எரிமலையாக எழுகிறது. எரிமலைக்குக் காரணம் நீர் என்பது முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

நெருக்கினால்தான் மலை வரும் என்றும் இல்லை. நிலத்தை இரு பக்கமும் இழுத்தால் அது பிளந்து நடுப்பகுதி கீழே இறங்கும். ஓரங்கள் உயர்ந்து நிற்கும். ரைன் ஆற்றுப் பள்ளத்தின் ஒரு கரையில் பிரான்சின் வோஜ் மலையும் மறுகரையில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலையும் அப்படி நிற்பவை. ஹவாய் இந்தக் கணக்கில் சேராது. தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரத்தில், பசிபிக் தட்டின் நடுவே, அடியிலிருந்து எழும் வெப்பம் கட்டியது அது. அங்குள்ள மௌனா கியா எரிமலை கடல்மட்டத்துக்கு மேல் 4,207 மீட்டர்தான். கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும்.

இனி தமிழ்ச் சொல். பிளேட்டுக்குப் 'புவித்தட்டு' நல்ல சொல். 'கண்டத்தட்டு' வேண்டாம், பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுக்கக் கடல்தரை, அதைக் கண்டத்தட்டு என்றால் பொருள் இடிக்கும். பிளேட் டெக்டானிக்ஸ் என்ற கோட்பாட்டுக்குப் 'புவித்தட்டியல்' போதும் என்பது என் கருத்து. சுருக்கமாக இருக்கிறது, நகர்வையும் கட்டுமானத்தையும் சேர்த்தே அடக்கிக்கொள்கிறது. 'புவித்தட்டு நகர்வு' என்பதைத் தட்டு உண்மையிலேயே நகர்வதைச் சொல்லும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தட்டுகள் நெருங்கி மலைத்தொடரைக் கட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஓரோஜெனி என்கிறார்கள். கிரேக்கத்தில் 'ஓரோஸ்' மலை, 'ஜெனெசிஸ்' பிறப்பு. தமிழில் 'மலையாக்கம்', சொல்லும்போதே விளங்கிவிடும். ஆனால் எல்லா மலைக்கும் இது பொருந்தாது. இமயத்தில் இன்று நடப்பது மலையாக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை இன்று நிற்கும் கோலத்துக்கு அந்தப் பெயர் சரிவராது. மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது அறுந்த மேற்கு விளிம்பு அது. பின்னர் உயர்ந்து, அரிக்கப்பட்டு இந்த உருவத்துக்கு வந்தது. அதைச் சொல்ல 'நில எழுச்சி' என்று எழுதினால் சரியாக இருக்கும்.