அப்பத்தா இறந்தத பையன் ஸ்டேட்டஸ் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமா?

குடும்ப நல கோர்ட்ல, பிள்ளை யார்கிட்ட வளரணும்ங்கற கஸ்டடி கேஸ் பாக்கற வக்கீல் நான். மியூச்சுவல்ல, அதாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு பிரியலாம்னு வர்றவங்க ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டறது, தீபாவளிக்கு பிள்ளை யார் வீட்ல, மே மாச லீவ எப்படி பிரிக்கறதுனு எல்லாத்துக்கும் லிஸ்ட் வச்சிருப்பாங்க, சில பேர் எக்ஸெல் ஷீட்டே போட்டு கொண்டு வருவாங்க. ஆனா குடும்பத்துல ஒரு நல்லது கெட்டதுன்னா அத பிள்ளைகிட்ட யாரு சொல்றது, கூட்டிட்டு போலாமா கூடாதா, இது எந்த லிஸ்ட்லயும் இருக்காது.

ஒரு பையன், பத்து வயசு (அடையாளம் தெரியாத மாதிரி மாத்திதான் சொல்றேன்). சின்னதுல அவன தூக்கி வளத்தது அப்பத்தாதான். அவங்க இறந்தப்போ அப்பா வீட்ல இருந்து யாரும் ஃபோன் பண்ணல, "அவ வந்தா இழவு வீட்ல சண்டை வரும்"னு. அம்மாவுக்கு சொந்தக்காரங்க மூலமா தெரிஞ்சுபோச்சு, ஆனா பரீட்சை நேரம், முடியட்டும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க. கடைசில அம்மா ஃபோன்ல கேம் ஆடிட்டு இருந்தவன் சித்தப்பா வச்ச ஸ்டேட்டஸ்ல மாலை போட்ட போட்டோவ பாத்துட்டான். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன் சார் அவன். அழல, சத்தம் போடல, ஸ்கூலுக்கும் ஒழுங்கா போனான், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேர் சொல்றதையும் நம்பறதில்ல, அம்மா ஆபீஸ்ல இருந்து லேட்டா வந்தா "நெஜமா எங்க போன"னு கேக்கறான்.

கோர்ட் ஆர்டர்ல இருந்தது அப்பா பிள்ளைய பாக்கற சனிக்கிழமை விசிட், அப்பத்தா போனது புதன்கிழமை. இதுக்குன்னு தனியா பெட்டிஷன் போட்டு, கோர்ட் அதுக்கு நம்பர் குடுத்து விசாரணைக்கு வர்றதுக்குள்ள பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிடும்.

சட்டம் இதுக்கு குறுக்க நிக்கல. 1890ம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 1956 இந்து மைனர் சட்டம் ரெண்டும் பாக்கறது பிள்ளையோட நலனத்தான். யஷிதா சாஹு கேஸ்ல 2020ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா, அம்மா அப்பா ரெண்டு பேரோட பாசமும் கிடைக்கறது பிள்ளையோட உரிமைன்னும், விசேஷ காரணம் இல்லேன்னா பிள்ளை கூட இல்லாத அப்பாவையோ அம்மாவையோ தினம் 5, 10 நிமிஷமாவது பிள்ளையோட பேச விடணும்னும் சொல்லியிருக்கு. அந்த தினசரி ஃபோன் இருந்திருந்தா அப்பத்தா ஆஸ்பத்திரில சேர்ந்த அன்னைக்கே பையனுக்கு தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அப்பாவுக்கு மறுகல்யாணம், புதுசா குழந்தை, இத நேர்ல சொல்ல கூச்சப்பட்டு பிள்ளை வாயால அம்மா வீட்டுக்கு தெரியட்டும்னு விடறவங்கள பாத்திருக்கேன். "அங்க யாரு வந்தா, என்ன வாங்கினாங்க"னு துருவி துருவி கேக்கறவங்களும் உண்டு, அப்புறம் பிள்ளை ரெண்டு வீட்லயும் வாய தொறக்காது, தொறந்தா பொய்தான் வரும். பெரியவங்க சேதி பெரியவங்களுக்குள்ள போகட்டும், பிள்ளைகிட்ட அவனப் பெத்தவங்க சொல்லட்டும், அதுவும் ஊருக்கு தெரியறதுக்கு முன்னாடி.

அடிதடி, குடும்ப வன்முறைனு போன கேஸ் வேற, அத இதோட கலக்காதீங்க. விசிட்டால பிள்ளைக்கு தீங்கு வரும்னா 2005 குடும்ப வன்முறை சட்டத்தோட 21ம் பிரிவுல மாஜிஸ்திரேட் விசிட்டையே மறுக்கணும்னு இருக்கு. அங்க சேதிய வக்கீல் வழியாவோ நம்பிக்கையான பெரியவங்க வழியாவோ அனுப்பலாம்.

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டு கோர்ட்ல குடுக்கற மெமோல நான் இப்போ இந்த வரிய சேத்துடறேன்: "தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் முதலான நெருங்கிய உறவினரின் மரணம், ஆபத்தான நோய், திருமணம், குழந்தைப் பிறப்பு ஆகியவற்றை பெற்றோரில் ஒருவர் அறிந்தவுடன் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தை விரும்பினால், விசிட் நாள் இல்லாவிட்டாலும் சடங்கில் கலந்துகொள்ள அனுப்ப வேண்டும்." இதுக்கு கையெழுத்து போட மாட்டேன்னு இதுவரைக்கும் பெருசா யாரும் சண்டை போட்டதில்ல, இப்படி ஒன்னு எழுதலாம்னே தோணியிருக்காது, அவ்வளவுதான். டைவர்ஸ் ஆகி வருஷக்கணக்கானவங்களும் இந்து திருமணச் சட்டம் 26ம் பிரிவுல மனு போட்டு பழைய ஆர்டர்ல இத சேக்க சொல்லி கேக்கலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா வேலை சுலபம்.