அம்மா வெளியே நிற்க வேண்டாம்

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். எங்கள் குழந்தைகள் வார்டில் ரவுண்ட்ஸ் காலை எட்டரைக்கு. இந்த இரண்டு நேரமும் இடிக்கிறது என்பது செவிலியரான எனக்கு உறைக்கவே சில வருடங்கள் ஆயின. எட்டரைக்கு அம்மா மீன் கூடையோடு தெருவில் இருப்பார். அப்பா விசைப்படகில் போயிருந்தால் கரை திரும்பப் பல நாள் ஆகும். கட்டிலருகே இருப்பது ஆயாதான். (வடசென்னையில் ஆயா என்றால் பாட்டி.) டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். மகள் வந்து "இன்னா சொன்னாரு?" என்று கேட்டால், "நல்லாக்கீதுன்னாரு" என்பார். வீட்டுக்குப் போய்ச் சேருவது அந்த ஒரு வார்த்தைதான்.

முன்பெல்லாம் நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியே மூச்சில் கொடுக்கும் கருவி) வைக்க வேண்டுமென்றால் குழந்தையைத் தனி அறைக்குத் தூக்கிப் போவோம். இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்வோம். அம்மா கதவுக்கு வெளியே. "அம்மா இருந்தா புள்ள இன்னும் அழும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் நம்பினேன்.

ஒரு மழைக்கால இரவு, இரண்டு வயதுப் பெண் குழந்தை, கடுமையான வீசிங். மாஸ்க்கைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தது. கதவுக்கு வெளியே நின்ற ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குழந்தையின் முதுகு தன் நெஞ்சில் சாய்ந்திருக்கும்படி மடியில் வைத்து, மாஸ்க்கை என் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். காதோரம் ஏதோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை விம்மலாகி, விம்மலும் நின்றது.

இது வெறும் பாசக் கதை இல்லை. வீறிட்டு அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கும். மருந்துப் புகையில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும், நுரையீரலுக்குப் போவது கொஞ்சம்தான். அழுகிறதே என்று மாஸ்க்கை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாலும் அதே கதைதான். மடியில் அமைதியாக இருந்து மருந்தை இழுத்தால்தான் அது சரியாக வேலை செய்யும். அப்படியென்றால் அந்த மடியும் சிகிச்சையில் சேர்த்திதானே?

வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போதும் இப்போது அம்மா மார்போடு அணைத்துக்கொள்ள, ஒரு கையை மட்டும் நாங்கள் நீட்டிப் பிடிக்கிறோம். பச்சிளம் குழந்தைக்கு ஊசி குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறையும்.

டிஸ்சார்ஜ் அன்று "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். "மருந்தை ஊத்திக் காட்டுங்க" என்கிறேன். எட்டு கிலோ குழந்தையின் அம்மா ஒருவர், சீட்டில் எழுதியபடி சரியாக 5 மில்லி பாராசிட்டமால் ஊற்றிக் காட்டினார். ஆனால் சீட்டில் இருந்தது 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப். அவர் கையில் இருந்தது வீட்டில் மூத்த பிள்ளைக்கு வாங்கிய 250 மில்லிகிராம் பாட்டில். ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும். அவர் மேல் தவறே இல்லை. பாட்டிலில் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குக் காட்டவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். அவர்களுக்கு மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு முழு நிமிடம் வைத்து எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கும் மேல் போனால் வேகமூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கொண்டே இருக்காமல் உடனே தூக்கி வந்துவிட வேண்டும்.

கூட்டம் சேர்ந்தால் தொற்று பரவும் என்ற பயம் நியாயமானது. அதற்குக் கை கழுவ வைப்பதும், பார்க்க வருகிறவர்களைக் குறைப்பதும்தான் வழி. அம்மாவைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது. பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017லேயே வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டுவிட்டது. ஆனால் இன்னும் பல வார்டுகளில் இரவில் அம்மா கால் நீட்ட ஒரு பெஞ்சுகூடக் கிடையாது.

இப்போது ரவுண்ட்ஸில், அம்மா இல்லாத கட்டிலில் ஆயாவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுகிறோம். போன வாரம் டாக்டர், "நல்லா இருக்கான்மா, மதியம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். மறுமுனையில் மீன் விலை கேட்கும் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது: "சார், ராத்திரி நான் கெளம்பறவரைக்கும் அவன் ஒரு தடவகூடப் பால் குடிக்கல. எங்கம்மா சொல்லிச்சா?"

ஆயா சொல்லியிருக்கவில்லை. டாக்டர் கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைத் திரும்பக் கையில் எடுத்தார்.