சோற்றைக் குறைத்தீர்கள், ஊசியை?

"சோத்தை விட்டுப் பத்து நாளாச்சு டாக்டர்" என்று சர்க்கரை நோயாளி யாராவது சந்தோஷமாகச் சொன்னால், "இன்சுலின் ஊசி எத்தனை யூனிட் போடறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். "அது பழைய அளவுதான்" என்று பதில் வந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு 60 வயதிருக்கும். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுபவர். ஏதோ வீடியோ பார்த்து, இரவு சாப்பிடும் ஐந்து இட்லியை நிறுத்திவிட்டு இரண்டு முட்டையும் கீரைப் பொரியலும் சாப்பிட ஆரம்பித்தார். ஊசி மட்டும் அதே 20 யூனிட். மூன்றாம் நாள் விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்து, பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் உளறியிருக்கிறார். மீட்டரில் சர்க்கரை 38.

அந்த ஐந்து இட்லியைக் கணக்கில் வைத்துத்தான் 20 யூனிட் எழுதப்பட்டது. கலவை ஊசியில் 30 பங்கு அந்த வேளைச் சாப்பாட்டுக்கு வேலை செய்யும். மீதி 70 பங்கு மெதுவாகக் கிளம்பி, நள்ளிரவுக்கு மேல் நாம் தூங்கும்போதும் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அம்மா மாவுச்சத்தைக் குறைத்தது நல்ல முடிவு. ஊசி எழுதிக் கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லாததுதான் ஆபத்தில் முடிந்தது. எங்கள் பக்கமும் குறை உண்டு. ரிப்போர்ட்டைப் பார்க்கும் அவசரத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று பல நேரம் நாங்கள் கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு ஊசியை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே சுரக்காத வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பட்டினி கிடந்தாலும் இன்சுலின் வேண்டும். நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இதே சிக்கல் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மீட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மாற்றத்தை ஒரு வேளை உணவில் தொடங்குங்கள். எந்த வேளை, எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, யூனிட்டைத் திருத்தி வாங்கிய பிறகு தொடங்குங்கள். முதல் சில நாள் சாப்பாட்டுக்கு முன், இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன், விடியற்காலை 3 மணிக்கு என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். விரதம், நோன்புக்கும் இதேதான். அரிசிக்குப் பதில் சாமை, தினை என்று மாறுபவர்களும் அளவைக் கவனிக்க வேண்டும்; சிறுதானியத்திலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான்.

கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் பவுடர், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் பிஸ்கட்டும் அவசரத்துக்கு உதவாது. அந்த மாத்திரை அவை செரிப்பதைத் தாமதப்படுத்தும். நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும். ஒரு பாக்கெட்டைத் தலைமாட்டிலேயே வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.