எஞ்சின் மாறியது, எர்த் எங்கே போனது?

நாமக்கல் பக்கத்தில் இரண்டு லாரிகள் வைத்து ஓட்டும் வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. அவருடைய பத்துச் சக்கர லாரியின் எஞ்சின் பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டதால், அதே ரகத்தில் ரீகண்டிஷன் செய்த வேறோர் எஞ்சினை வாங்கி ஏற்றியிருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக் டக்’ என்று மட்டும் அடிக்கிறது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டாலும், இரவில் ஹெட்லைட் போட்டவுடன் ஹீட் மீட்டரின் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. விளக்கை அணைத்தால் இறங்கிவிடுகிறது. புதிதாக வாங்கிப் போட்ட இரண்டு பேட்டரிகளும் பதினைந்தே நாளில் தளர்ந்துவிட்டன. எஞ்சினுக்கு ராசியில்லை என்று யாரோ சொல்ல, முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியாயிற்றாம். ‘விளக்குக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. எஞ்சின் மாற்றிய பிறகு வரும் மின்கோளாறுகளில் பல எளிதில் பிடிபடுபவை: இணைப்பான் சரியாக அழுந்தாமல் இருக்கும், புதிய எஞ்சினின் சென்சாரும் வண்டியின் பழைய மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும், சார்ஜ் விளக்குக்குப் போகும் மெல்லிய வயரை மாட்ட மறந்திருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் மூன்று கோளாறுகள் ஒரே நாளில் முளைத்தால், மூன்றுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த லாரியில் அது எர்த், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் எதிர்முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். வாகனத்தில் திரும்பும் வழிக்குத் தனி வயர் இழுப்பதில்லை. சேஸியின் இரும்பே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் எஞ்சின் சேஸியின் மேல் நேரடியாக உட்காரவில்லை. அதிர்வு கேபினுக்கு ஏறாமலிருக்க அதை ரப்பர் மவுண்டிங்கின் மேல் வைத்திருக்கிறார்கள், ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரத்தின் கண்ணோட்டத்தில் எஞ்சின் ஒரு தீவு. அந்தத் தீவுக்கும் கரைக்கும் இடையே உள்ள ஒரே பாலம், செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த எர்த் பட்டை. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஒற்றை வயர் சென்சார்கள் ஆகிய எல்லாவற்றின் மின்னோட்டமும் அதன் வழியேதான் போக வேண்டும். பட்டையை மாட்டவே மறந்துவிட்டாலோ, மின்னோட்டம் ஆக்சிலேட்டர் கேபிள், சைலன்சர் குழாய், கியர் இணைப்புகள் என்று கிடைத்த குறுக்கு வழியில் புகும். ஆக்சிலேட்டர் கேபிள் சூடேறிப் புகைவது இதனால்தான்.

இந்த வாசகரின் லாரியில் பட்டை இருந்தது, போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. ஆனால் ரீகண்டிஷன் செய்த இடத்தில் எஞ்சின் பிளாக்குக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். பட்டையின் லக் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) அந்தப் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது; போல்ட்டின் மரையில் எங்கோ சில இடங்களில் மட்டும் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த இணைப்பின் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடியது. 0.1 ஓம் தடையின் குறுக்கே 200 ஆம்பியர் பாய வேண்டுமானால் அங்கேயே 20 வோல்ட் செலவாகிவிடும். மோட்டாருக்கு எஞ்சுவது 4 வோல்ட். இனி அந்த ‘டக் டக்’ ஓசையைக் கவனியுங்கள். செல்ஃப் மோட்டாரின் தலையில் உள்ள சாலினாய்டு என்னும் மின்காந்த சுவிட்ச், தான் இழுபடுவதற்கு மோட்டாரைவிட மிகக் குறைந்த மின்னோட்டத்தையே கேட்கும். எனவே சாவியைத் திருப்பியதும் அது இழுபட்டு, மோட்டாருக்கான பெரிய தொடுமுனைகளை மூடுகிறது. மூடிய கணத்தில் மோட்டார் பேராசையோடு இழுக்க, மின்னழுத்தம் எர்த் முனையிலேயே கரைந்து, சாலினாய்டைப் பிடித்து வைக்கவும் போதாமல் போகிறது. சாலினாய்டு விடுபடுகிறது, மோட்டார் துண்டிக்கப்படுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, சாலினாய்டு மறுபடியும் இழுபடுகிறது. நம் பழைய மின்மணி அடிக்கும் தத்துவமும் இதுவே. தளர்ந்த பேட்டரியும் இதே ஓசையைத்தான் தரும் என்பதால் பழி பேட்டரியின் மேல் விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹீட் மீட்டர் விளையாட்டுதான். மீட்டர் தன் எர்த்தைக் கேபினிலிருந்து, அதாவது சேஸியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்ப சென்சாருக்கு எஞ்சின் உடம்பே எர்த். சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறைந்து அதன் வழியே கூடுதல் மின்னோட்டம் பாயும்; அந்தக் கூடுதலைத்தான் முள் சூடு என்று காட்டுகிறது. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினிலிருந்து சேஸிக்குப் பாய்ந்த மின்னோட்டம், ஓடத் தொடங்கியதும் திசை மாறுகிறது. இப்போது மின்சாரம் தருவது எஞ்சினில் பூட்டியிருக்கும் ஆல்டர்னேட்டர் என்பதால், ஹெட்லைட் வழியே போன மின்னோட்டம் சேஸியில் இறங்கி, எர்த் பட்டை வழியே எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். பேட்டரி சார்ஜுக்குப் பாய்வதோடு விளக்குகளுடையதும் சேர்ந்து 20 ஆம்பியர் ஆனால், 0.1 ஓமின் குறுக்கே 2 வோல்ட் விழுகிறது; எஞ்சின் உடம்பு சேஸியைவிட 2 வோல்ட் தாழ்ந்து நிற்கிறது. மீட்டருக்கும் சென்சாருக்கும் நடுவே அந்த 2 வோல்ட் கூடுதலாக நுழைய, முள் ஏறுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் ஒரு டிகிரிகூடச் சூடாகவில்லை.

பேட்டரி தளர்ந்ததும் இதே 2 வோல்ட்டால்தான். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் தன் சொந்த உடம்பை அடிப்படையாக வைத்து 28 வோல்ட் தருகிறது. சேஸியில் எர்த் கொண்ட பேட்டரிக்குக் கிடைப்பது 26. அது பேட்டரியை முழுமையாக நிரப்பப் போதாது.

இவ்வளவு பெரிய இரும்புகள் இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது தடை எங்கிருந்து வருகிறது? இரண்டு பலாப்பழங்களை ஒட்டி வைத்தால் முள்ளும் முள்ளும் சில இடங்களில் மட்டுமே தொடும் அல்லவா, கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்புகளும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் உராய்வை ஆராய்ந்தபோது, உலோகங்களுக்கு இடையிலான மின்கடத்தலை அளந்தே, உண்மையில் தொடும் பரப்பு கண்ணால் காணும் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் என்று 1939-இல் காட்டினார்கள். அந்தப் பரப்பு அழுத்தும் விசையைப் பொறுத்ததே தவிர லக்கின் அகலத்தைப் பொறுத்ததன்று. ஏரித் தண்ணீர் முழுவதும் ஒரு மதகில் நெருக்கிக்கொண்டு வெளியேறுவதுபோல், மின்னோட்டம் அந்தப் புள்ளிகளில் குவிந்து நுழைய வேண்டியிருப்பதால் தடை பிறக்கிறது. எஃகில் 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒற்றைப் புள்ளி வழியே நுழைவதற்கு ஏறக்குறைய 0.0075 ஓம் ஆகும். நடுவில் பெயின்ட்டும் துருவும் புகுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். இரும்பும் இரும்பும் எப்படித் தொடுகின்றன என்று ஆராய இன்று பணம் கேட்டால் நம் நிதிக் குழுக்கள் கொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

முன்பு இந்த வண்டியைப் பார்த்த எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரில் அளந்து ‘எர்த் சரியாக இருக்கிறது’ என்று சொன்னதில் பொய்யில்லை. ஓம் அளவையில் மீட்டரின் வயர்களே 0.2 ஓம் காட்டும், அதில் 0.1 ஓம் மறைந்துவிடும். வண்டி நிற்கும்போது வோல்ட் பார்த்தாலும் முழு 24 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுப்பது சில மைக்ரோஆம்பியரே. அதற்கு ஒற்றை இழைக் கம்பிகூடப் போதும். மின்னோட்டம் பாயும்போதுதான் அளக்க வேண்டும். ஒரு முனையை எஞ்சின் பிளாக்கின் சுரண்டிய இரும்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வாசகரைத் தொலைபேசியில் இதைச் செய்யச் சொன்னபோது, எண் 8-க்கும் 15-க்கும் இடையே துள்ளியது. ஐ.டி.ஐ. பயிற்சியில் இந்த ஒரு சோதனையைக் கட்டாயமாக்கினால் எத்தனையோ பேட்டரிகள் பிழைக்கும்.

பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ஜம்பர் கேபிளைப் பிடித்ததும், முதல் திருப்பிலேயே வண்டி எடுத்துவிட்டதாம். இனிச் செய்ய வேண்டியது, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பட்டையின் இரு முனைகளிலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் பூசுவது. தளர்ந்துபோன அந்த இரண்டு பேட்டரிகளையும் உடனே எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சார்ஜரில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றி, காலையில் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். ஆறு செல்லும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக 1.25-க்கு மேல் காட்டினால் அந்தப் பேட்டரியில் குறையில்லை. ஒரு செல் மட்டும் கீழே நின்றால் அந்தப் பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும்.