பவுண்டு: நாய்ச் சிறையா, காப்பகமா, கொண்டித்தொழுவா?

அமெரிக்கச் சிற்றூர்களைப் பற்றிய செய்திகளில் "நாயைப் பவுண்டுக்குக் கொண்டுபோனார்கள்" என்ற வரி அடிக்கடி வரும். தமிழில் அதைச் சிலர் "நாய்ச் சிறை" என்று எழுதுகிறார்கள், சிலர் "விலங்குகள் காப்பகம்" என்கிறார்கள். இரண்டுமே பொருளைத் தவறவிடுகின்றன. சிறை என்றால் குற்றம் வந்துவிடுகிறது, காப்பகம் என்றால் நாதியற்ற உயிர் என்றாகிவிடுகிறது. பவுண்டு என்பது திரிகிற விலங்கைப் பிடித்து அடைத்துவைக்கும் இடம். அங்கே இருப்பதோ இன்னொருவருடைய உடைமை. உடையவர் வந்து கட்ட வேண்டியதைக் கட்டி மீட்டுப்போகும்வரை அதைத் தீனி போட்டு வைத்திருக்கிறார்கள்.

எடைக்கும் பணத்துக்கும் சொல்கிற பவுண்டுக்கும் இதற்கும் உறவில்லை. அது இலத்தீனில் எடையைக் குறித்த 'பாண்டோ'வில் பிறந்தது. இது பழைய ஆங்கிலத்தில் அடைப்பைக் குறித்த 'புண்ட்' என்ற வேரில் வந்தது. குளத்தைச் சொல்லும் 'பாண்ட்' இதன் உடன்பிறப்பு: நீரை அடைத்தால் பாண்ட், மாட்டை அடைத்தால் பவுண்டு. வண்டியைப் பிடித்து வைப்பதைச் சொல்லும் 'இம்பவுண்ட்' இதன் பிள்ளை. இங்கிலாந்தின் கிராமங்களில் பவுண்டு என்பது கல்சுவர் வளைத்த சிறிய அடைப்பு. பயிரில் இறங்கிய ஆடுமாடுகளை அங்கே அடைத்துக் காவல் காத்தவருக்குப் பிண்டர் என்று பெயர்.

நம் ஊருக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்து ஊன்றியது 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். அதன் நடைமுறையைப் பார்த்தால் சொல்லின் பொருள் தெளிவாகும். வயலில் மேய்ந்து சேதம் செய்த மாட்டைப் பயிரிட்டவர் பிடிக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அபராதத்தையும் தீனிச் செலவையும் கட்டினால் மாடு உடையவருக்கு. 7 நாளாகியும் யாரும் வராவிட்டால் பவுண்டுக்காரர் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பார். அங்கே அறிவிப்பு ஒட்டி, மாடு பிடிபட்ட ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். இன்னும் 7 நாள் பொறுத்து, அதன்பிறகே ஏலம். ஏலத்தில் பவுண்டுக்காரரோ சட்டத்தை நிறைவேற்றும் அலுவலரோ மாட்டை வாங்கக் கூடாது. செலவு போக மிஞ்சிய, கேட்பாரற்ற பணத்தையும் 3 மாதம் வைத்திருக்க வேண்டும். மாடு கைமாறிய பிறகும் பழைய உடையவரின் உரிமையை விட்டுவிடாத சட்டம் இது.

இந்தச் சட்டம் 'கால்நடை' என்று எண்ணும் பட்டியலில் யானை உண்டு, ஒட்டகம் உண்டு, கழுதை உண்டு, பன்றி உண்டு. நாய் இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் பவுண்டு என்றாலே மாடு நினைவுக்கு வருகிறது, அமெரிக்காவில் நாய்.

அமெரிக்காவில் கிராமப்புறக் கௌண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) ஒன்றில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு வர்ஜீனியா நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கௌண்டியும் இப்படியொரு இடத்தை நடத்தியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து குறைந்தது 5 நாள் வைத்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டை, வில்லை, உரிமம், பச்சைகுத்திய குறி என்று ஏதேனும் அடையாளம் இருந்தால் கூடுதலாக 5 நாள். அது முடிந்த பிறகே தத்து, வேறு காப்பகத்துக்கு மாற்றுதல், கருணைக்கொலை என்ற பேச்செல்லாம். ஆட்டையோ கோழியையோ கடித்துக்கொண்டிருக்கும் நாயைப் பார்த்த இடத்திலேயே கொல்லும் உரிமையும் அங்கே உண்டு. பண்ணைகள் நிறைந்த இடத்தில் அவிழ்ந்தோடிய நாய்க்குப் பவுண்டு தண்டனை அன்று, பல நேரம் உயிர்ப்பிச்சை.

அந்தச் சில நாளில் உடையவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு சிறு கருவியின் கையில் இருக்கிறது. நாயின் தோலுக்கடியில் இருக்கும் அரிசிமணி அளவு அடையாளச் சிப்பைப் படிக்கும் ஸ்கேனர் அது. இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தொடங்கி, மயிரைத் தொட்டபடி, வினாடிக்கு அரையடிக்கு மிகாத வேகத்தில், பாம்பு ஊர்வதுபோல் வளைத்து வளைத்து நகர்த்த வேண்டும். சிப் தோலுக்கடியில் இறங்கிப்போவதும் உண்டு என்பதால் விலாவையும் முன்னங்கால்களையும் விடக் கூடாது. பிறகு கருவியைக் குறுக்கே திருப்பி மறுபடி ஒருமுறை. அவசரமாக ஒரு வீச்சு வீசிவிட்டு "சிப் இல்லை" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பன்னாட்டுத் தரச் சிப் 134.2 கிலோஹெர்ட்சில் பேசும், எண் 15 இலக்கம். அமெரிக்காவின் பழைய சிப்புகள் 125 கிலோஹெர்ட்ஸ், 9 அல்லது 10 இலக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் படிக்கும் ஸ்கேனரை நம்ப முடியாது. இன்னொன்று: சிப்பில் இருப்பது எண் மட்டும். உடையவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விட்டால், நாய் 10 நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

வர்ஜீனியாவின் சட்டம் முன்பு பவுண்டு என்று சொன்ன இடத்தைப் பிற்பாடு 'பொது விலங்குக் காப்பகம்' என்று மாற்றிக்கொண்டது. ஊர்ப் பேச்சில் பவுண்டுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நமக்குச் சொல் எப்போதோ இருக்கிறது. 'கொள்' என்ற வினையில் பிறந்தது கொண்டி. சங்கப் பாட்டில் அது கொள்ளையிட்ட பொருள். பட்டினப்பாலையின் 'கொண்டி மகளிர்' பகைநாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள். பிற்காலத்தில் பிறர் பயிரில் புகுந்து மேயும் மாடு கொண்டி மாடு ஆயிற்று. கயிற்றில் ஒரு கட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டால், ஓடும்போது முன்னங்காலில் இடித்து நிறுத்தும். அதற்கும் அடங்காத மாடு போய்ச் சேரும் இடம் கொண்டித்தொழு. பவுண்டுக்கு நேரான பழந்தமிழ்ச் சொல் இதுவே.

பட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கும் சொல். மாட்டுப்பொங்கலன்று "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று வாழ்த்துவது ஆடுமாடு அடைக்கும் அந்தப் பட்டியைத்தான். அதே சொல் மேய்ப்பாரின்றித் திரிவதையும் குறிக்கும், பட்டிமாடு என்பது அப்படி வந்தது. அடைப்பும் அலைச்சலும் ஒரே சொல்லில் இருப்பது பவுண்டுக்கு மிகப் பொருத்தம். நாய்களுக்கான பவுண்டை 'நாய்ப்பட்டி' என்றும், அடைப்பதைப் 'பட்டியில் அடைத்தல்' என்றும், கட்டும் தொகையை 'மீட்புக் கட்டணம்' என்றும் எழுதலாம். மலையாளத்தில் பட்டி என்றாலே நாய் என்பதால் எல்லையோர ஊர்களில் நாய்ப்பட்டி காதில் இடறும். அங்கே 'நாய் அடைப்பு' போதும்.

திரியும் விலங்கைக் குறிக்க ஈழத்தமிழரிடம் அழகான சொல் இருக்கிறது: கட்டாக்காலி. காலி என்பது பசுக்கூட்டம், கட்டிவைக்காத காலி கட்டாக்காலி. இன்று நாய்க்கும் அங்கே அதையே சொல்கிறார்கள். உடையவர் உண்டு, கட்டத் தவறிவிட்டார் என்ற குறிப்பு சொல்லிலேயே இருப்பதால் பவுண்டில் அடைபடும் விலங்குக்கு இது 'தெருநாய்' என்பதைவிடச் சரியாக உட்காரும்.

நம் நகராட்சிகளின் நாய்க் கருத்தடை மையத்துக்கு மட்டும் இவற்றில் எதையும் சூட்ட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள், தெருநாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அங்கே மீட்க வருகிற உடையவர் என்று யாருமில்லை, மீட்புக் கட்டணமும் இல்லை.